சொட்டு விழணும்

கோயம்புத்தூர்ல பம்பு செய்யற ஒரு கம்பெனில மேனுவல் எழுதறதுதான் என் வேலை. பம்பு கூடவே டப்பாவுல ஒரு புத்தகம் வருமே, எப்படி மாட்டணும், எப்படி ஸ்டார்ட் பண்ணணும், சத்தம் வந்தா எதைக் கழட்டிப் பாக்கணும்னு, அது. நான் இங்கிலீஷ்ல எழுதுவேன், அங்கிருந்து அது ஃப்ரெஞ்சுக்கும் போர்ச்சுகீஸுக்கும் அரபிக்கும் போகும், ஏன்னா பம்பு ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போகுது. பதினஞ்சு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல என்னை ரொம்பப் பாதிச்ச ஒரு எழுத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஒரே ஒரு எழுத்துதான். இங்கிலீஷ் 'ஏ'.

பம்பு தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் சொல்லிடறேன். பம்புக்குள்ள ஷாஃப்ட் சுத்துது, உள்ள தண்ணி பிரஷர்ல இருக்கு, ஷாஃப்ட் வெளிய வர்ற எடத்துல ஒரு இடுக்கு இருக்கும், அது வழியா தண்ணி பீய்ச்சி அடிக்காம இருக்க சுத்திலும் கயிறு மாதிரி ஒரு சாமானைத் திணிச்சு மேல கிளாண்டுன்னு ஒண்ணை வெச்சு நட்டு போட்டு அழுத்தி வெப்பாங்க. இதுக்குப் பேரு கிளாண்ட் பேக்கிங். இதை முழுசா இறுக்கி அடைச்சிடக் கூடாது. கொஞ்சம் சொட்டிக்கிட்டே இருக்கணும், அந்தச் சொட்டற தண்ணிதான் கயிறும் ஷாஃப்ட்டும் உரசி சூடேறாம பாத்துக்குது. புதுசா பாக்கறவங்களுக்கு இது ரிப்பேர் மாதிரிதான் தெரியும், "என்னங்க புது பம்பு ஒழுகுது"ன்னு ஃபோன் வரும். அதனால மேனுவல்ல ஒரு வரி எழுதினேன். "லிட்டில் லீக்கேஜ் ஃப்ரம் கிளாண்ட் இஸ் நார்மல்."

நான் நெனச்சது, கொஞ்சம் ஒழுகறது சகஜம், பயப்படாதீங்கன்னு. ஆனா அப்படிச் சொல்ல 'ஏ லிட்டில்'னு எழுதியிருக்கணும். 'ஏ' போடாம வெறும் 'லிட்டில்'னு எழுதினா ஒழுகல் ஏறக்குறைய இல்லவே இல்லைன்னு ஆயிடும். நம்ம தமிழ்ல இந்த ஏ, தி எல்லாம் கெடையாது, அதனால நம்மள்ல பாதிப் பேரு இங்கிலீஷ்ல அதை விட்டுட்டுத்தான் எழுதுவோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, ஏன்னா படிக்கறவரும் நம்ம ஆளு, அவருக்கு அது புரிஞ்சிடுது. ஃப்ரெஞ்சுல அப்படி இல்ல. இங்கிலீஷ்ல இருக்கற இதே வித்தியாசம் அங்கயும் அச்சு அசலா இருக்கு. மொழிபெயர்த்தவர் நான் எழுதினதை எழுதினபடியே கொண்டுபோனார். கிளாண்ட்ல ஒழுகல் இருக்கவே கூடாதுங்கற மாதிரி அந்த வரி ஃப்ரெஞ்சுக்குப் போச்சு.

மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு தண்ணி சப்ளை ஸ்டேஷன்ல அதைப் படிச்ச ஆபரேட்டர் பொறுப்பா, மேனுவல் சொன்னபடி, சொட்டு நிக்கற வரைக்கும் நட்டை இறுக்கியிருக்கார். பேக்கிங் கருகிப் போச்சு. எங்க சர்வீஸ் இன்ஜினியர் திரும்பி வரும்போது அந்த ஷாஃப்ட் ஸ்லீவை, ஷாஃப்ட் மேல உறை மாதிரி மாட்டற குழாயை, கையோட கொண்டு வந்து என் டேபிள்ல வெச்சார். சூடு ஏறி நீலமும் வெங்கல நிறமுமா பட்டை பட்டையா மாறியிருந்துச்சு, நடுவுல சுத்தி வர கோடு கோடா பள்ளம், நகத்தை வெச்சு இழுத்தா ஒவ்வொரு கோட்டுலயும் சிக்குது. அவர் யாரையும் திட்டல. "மேனுவல்ல இப்படித்தான் இருக்குன்னு அவங்க எடுத்துக் காட்டினாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல"ன்னு மட்டும் சொன்னார். அந்த ஸ்லீவ் இப்பவும் என் டேபிள்லதான் இருக்கு.

அதுக்கப்புறம் ஃப்ரெஞ்சு வேலைக்கு வேற ஒருத்தரைப் புடிச்சோம். பாண்டிச்சேரிக்காரங்க, ஃப்ரெஞ்சு நல்லாப் படிச்சவங்க, பல வருஷமா டெக்னிக்கல் மொழிபெயர்ப்பு பண்றவங்க. அவங்ககிட்ட அறுபது பக்கத்தை அனுப்பினேன், மொழிபெயர்ப்பு வரும்னு பாத்தா நாலாவது நாள் ஒரு எக்ஸெல் ஷீட் வந்துச்சு, நாப்பத்தோரு கேள்வி. உண்மையைச் சொன்னா எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஃபோன் பண்ணி, "மேடம், இதெல்லாம் பம்பு லைன்ல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், நீங்க கொஞ்சம் நெட்ல பாத்திருந்தாலே புரிஞ்சிருக்குமே"ன்னு கேட்டேன். அவங்க பொறுமையா சொன்னாங்க, "சார், புரியலைன்னு கேக்கல. புரியலைன்னா தேடிக் கண்டுபுடிச்சிடுவேன். ரெண்டா புரியுது, அதுல நீங்க எதைச் சொன்னீங்கன்னு கேக்கறேன்."

அந்த ஷீட்டை அன்னைக்கு மத்தியானம் முழுக்கப் படிச்சேன்.

முதல் கேள்வி, "செக் வால்வ் பிஃபோர் ஸ்டார்ட்டிங்". எடத்தை மிச்சம் பிடிக்கறேன்னு நடுவுல 'தி' இல்லாம எழுதியிருந்தேன். இது வால்வை செக் பண்ணுன்னு சொல்றதா, இல்ல செக் வால்வுன்னு ஒரு வால்வு இருக்கே, தண்ணி திரும்பி வராம தடுக்கறது, அதைப் பத்தினதா? ரெண்டும் எங்க பம்புல உண்டு. அடுத்தது 'ரீப்ளேஸ்'. ஒரு எடத்துல "ரீப்ளேஸ் தி சீல்", அதே பக்கத்துல கீழ "ரீப்ளேஸ் தி கவர்". முதல்ல சொல்றது பழசைக் கழட்டி எறிஞ்சிட்டு புதுசு போடு, ரெண்டாவது சொல்றது கழட்டின கவரையே எடுத்து மறுபடி மாட்டு. ஒரே வார்த்தை, ஒரே பக்கம், ரெண்டு வேலை. ஃப்ரெஞ்சுல ரெண்டுக்கும் வேற வேற வினைச்சொல், தமிழ்லயும் அப்படித்தான, 'மாத்து', 'மறுபடி மாட்டு'. அவங்க தப்பா எடுத்திருந்தா ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒருத்தர் புது கவர் ஆர்டர் பண்ணியிருப்பார், இல்ல அதைவிட மோசம், தேஞ்ச சீலையே திரும்ப மாட்டியிருப்பார்.

அப்புறம் "நியூ பம்ப் சீல் கிட்". புது பம்புக்கான கிட்டா, பம்புக்கான புது கிட்டா? "ஒன்ஸ் தி பிரஷர் ட்ராப்ஸ்", பிரஷர் எறங்கினப்புறமா, ஒரு தடவை எறங்கினாலா? "தி மோட்டர் ஷுட் ஸ்டாப்", நிக்குதான்னு பாக்கச் சொல்றீங்களா, நீங்களே நிறுத்தச் சொல்றீங்களா, இல்ல தானா நின்னுடும்னு எதிர்பார்க்கச் சொல்றீங்களா? இது தமிழ்ல போயிருந்தா 'நிக்கணும்'னு போட்டுத் தப்பிச்சிருக்கலாம், நம்ம 'ணும்'லயும் இந்த எல்லா அர்த்தமும் கலந்துதான் கெடக்கு, ஆனா எல்லா மொழிலயும் அந்த வசதி கெடைக்காது.

ஒரு கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மோட்டர் வேகத்தை 1,450 ஆர்பிஎம்னு கமா போட்டு எழுதியிருந்தேன். ஃப்ரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் கமாதான் தசமப்புள்ளி. அங்க அது ஒண்ணு புள்ளி நாலு அஞ்சு. வேகத்துல யாரும் அப்படி ஏமாற மாட்டாங்க, பாத்த உடனே தெரிஞ்சிடும். போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்னு வர்ற எடத்துலயோ, கிளியரன்ஸ் எவ்வளவுன்னு வர்ற எடத்துலயோ புள்ளியும் கமாவும் மாறிப்போனா? அன்னையிலருந்து 1450, கமா கெடையாது. தேதியும் அப்படித்தான், 03/04ன்னு எழுதறதே இல்ல, நமக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4, மாசத்தை எழுத்தாலயே எழுதிடறேன்.

மறுநாள் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கிட்டு அசெம்பிளி ஷெட்டுக்குப் போனேன். அங்க முப்பது வருஷமா பம்பு கோக்கற அண்ணன் ஒருத்தர் இருக்கார். செக் வால்வு கேள்வியைப் படிச்சுக் காட்டினேன். "தம்பி, நாங்க யாரும் செக் வால்வுன்னே சொல்றதில்லீங்களே, என்.ஆர்.வி-ன்னுதான சொல்லுவோம். அது எங்கிருந்துங்க புடிச்சீங்க?"ன்னார். நான் ஒரு வெளிநாட்டு கேட்டலாக்லருந்து புடிச்சிருந்தேன், அது கொஞ்சம் கெத்தா இருக்கும்னு. நான்-ரிட்டர்ன் வால்வுன்னு எழுதியிருந்தா குழப்பமே வந்திருக்காது. ஷெட்டுல எல்லாரும் சரியான வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

இதுக்கெல்லாம் ஏதாவது முறை இருக்குமான்னு தேட ஆரம்பிச்சப்பதான் விமானத்துக்காரங்க இதை எனக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. விமானத்தைப் பழுது பாக்கற மேனுவல் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், படிக்கற மெக்கானிக் உலகம் பூரா இருப்பாங்க, பலருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கெடையாது. 1970கள் கடைசில ஐரோப்பிய ஏர்லைன்ஸ்காரங்க, இந்த மேனுவல்களைப் படிக்கற மாதிரி எழுத ஏதாவது வழி பண்ணுங்கன்னு விமானம் செய்யறவங்ககிட்ட கேட்டிருக்காங்க. அதுலருந்து 1986ல முதல் வழிகாட்டி வந்துச்சு, 2005லருந்து அதுக்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100ன்னு பேரு, சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்னு சொல்லுவாங்க. கேட்டா இலவசமாவே தர்றாங்க, எழுதற வேலைல இருக்கறவங்க ஒரு தடவையாவது வாங்கிப் படிக்கணும். செய்முறை சொல்ற வாக்கியம்னா அதிகபட்சம் 20 வார்த்தை, விளக்கம்னா 25. ஒரு வாக்கியத்துல ஒரு வேலைதான். பெயர்ச்சொல்லை மூணுக்கு மேல வரிசையா அடுக்கக் கூடாது, நான் ஒரு எடத்துல "டெலிவரி சைட் பிரஷர் கேஜ் ஐசொலேஷன் வால்வ்"னு ஆறு வார்த்தையை ரயில் பெட்டி மாதிரி கோத்து விட்டிருந்தேன்.

பொதுவான வார்த்தைகள் 900க்குப் பக்கத்துல ஒரு அகராதி குடுத்திருக்காங்க, அதுல பெரும்பாலும் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான். 'ஃபாலோ'ன்னா பின்னாடி வர்றது மட்டும், விதிமுறையை 'ஃபாலோ' பண்ணக் கூடாது, அதுக்கு 'ஒபே'ன்னு தனி வார்த்தை. 'க்ளோஸ்'னா மூடறது, பக்கத்துலங்கற அர்த்தத்துல போடக் கூடாது. 'ஃபால்'னா கீழ விழறது மட்டும், பிரஷர் 'ஃபால்' ஆகாது. மொதல்ல படிச்சப்ப எனக்கு மூச்சு முட்டுச்சு. ஆனா அந்த நாப்பத்தோரு கேள்வியையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா இந்த விதிகளோட பொருத்திப் பாத்தேன், முக்கால்வாசிக் கேள்வி வந்தே இருக்காது.

டிராக்டர், புல்டோசர் செய்யற கேட்டர்பில்லர் கம்பெனியும் இதுல எறங்கினவங்கதான். 70கள்ல அவங்க ஏறக்குறைய 800, 900 வார்த்தைக்குள்ள ஒரு சின்ன இங்கிலீஷ் உண்டாக்கினாங்க, மெக்கானிக்குக்கு அதைச் சொல்லிக் குடுத்துட்டா மொழிபெயர்ப்பே வேண்டாம்னு கணக்கு. அது நெலைக்கல, 80கள்ல கைவிட்டாங்க. 90கள்ல வேற வழி எடுத்தாங்க, கார்னகி மெலன் யுனிவர்சிட்டியோட சேர்ந்து, மிஷின் மொழிபெயர்க்கறதுக்குத் தோதா இங்கிலீஷ் எழுதற முறை. இந்தத் தடவை வார்த்தையைக் கொறைக்கல, ஆயிரக்கணக்கான பார்ட்ஸுக்குப் பேரு வேணுமே, ஒவ்வொண்ணுக்கும் ஒரே பேருன்னு கட்டிப் போட்டாங்க. எனக்கு இதுல புடிச்சது இதுதான். தெளிவா எழுதுன்னா சின்னப் பிள்ளைக்கு எழுதற மாதிரி எழுதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, நானும் நெனச்சிருந்தேன். அது இல்ல. இம்பெல்லர்னு எழுதலாம், கேவிட்டேஷன்னு எழுதலாம், கஷ்டமான வார்த்தையா இருந்தா ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு எடத்துல இம்பெல்லர்னும் இன்னொரு எடத்துல ரோட்டர்னும் எழுதினா படிக்கறவர் பம்புக்குள்ள ரெண்டு சாமானைத் தேடுவார். ஸ்கூல்ல ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா மார்க் கொறைப்பாங்க. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்னொண்ணும் இங்கிலீஷ்காரங்க சொல்ற அறிவுரைல எனக்கு ஒத்துவராதது. பெரிய லத்தீன் வார்த்தை வேண்டாம், சின்னச் சின்ன நாட்டு இங்கிலீஷ் வார்த்தையாப் போடுங்கம்பாங்க. 'போஸ்ட்போன்' வேண்டாம் 'புட் ஆஃப்' போடு. 'இன்வெஸ்டிகேட்' வேண்டாம் 'லுக் இன்டு' போடு. லண்டன்ல பொறந்தவருக்கு அது எளிசு. புத்தகத்துல இங்கிலீஷ் படிச்ச நமக்கு? 'போஸ்ட்போன்' தெரியாத ஆள் நம்ம ஊர்ல கெடையாது. 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்', எல்லாத்துலயும் 'புட்' இருக்கு, எதுலயும் வெக்கறது இல்ல. ஃப்ரெஞ்சு, போர்ச்சுகீஸ்காரங்களுக்கும் லத்தீன் வழி வந்த வார்த்தைதான் சுலபம், அவங்க மொழியே அதுலருந்து வந்ததுதான. அதனால இந்த விஷயத்துல நீளமான ஒத்த வார்த்தைக்குத்தான் என் ஓட்டு.

வரிசையைப் பத்தி தனியா சொல்லணும். "ஸ்டாப் தி மோட்டர் ஆஃப்டர் க்ளோசிங் தி டெலிவரி வால்வ்." இலக்கணம் சுத்தமா இருக்கு. ஆனா சென்ட்ரிஃபியூகல் பம்புல மொதல்ல டெலிவரி வால்வை, அதாவது தண்ணி வெளிய போற பக்கத்து வால்வை, மெதுவா மூடணும், அப்புறம்தான் மோட்டரை நிறுத்தணும், தெறந்து வெச்சு டக்குன்னு நிறுத்தினா மேல ஏறின தண்ணி திரும்பி அடிக்கும், பைப்லைன் அதிரும். மேனுவலை ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வேலை செய்யறவர் முழு வாக்கியத்தையும் படிச்சு முடிச்சுட்டா கையை நீட்டுவார்? 'ஸ்டாப் தி மோட்டர்' கண்ணுல பட்ட உடனே ஸ்விட்ச்சுக்குக் கை போயிடும். தமிழ்ல 'வால்வை மூடினப்புறம் மோட்டரை நிறுத்து'ன்னு தானாவே வேலை நடக்கற வரிசைல வந்து உக்காந்துடும், இந்த விஷயத்துல நம்ம மொழி அழகு. இங்கிலீஷ்ல அந்த வரிசையை நாமதான் கொண்டு வரணும். இப்ப ரெண்டு வரியாப் பிரிச்சு, 1 போட்டு வால்வு, 2 போட்டு மோட்டர்.

நான் பேசறது பம்பைப் பத்தி, ஆனா ஒரு வாக்கியம் ரெண்டா புரியறதுல உயிர் போற விஷயமும் உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு, பனிமூட்டத்துல ரெண்டு ஜம்போ விமானம் ரன்வேலயே மோதி 583 பேரு செத்துப் போனாங்க. காரணம் பல இருக்கு, பனி, நெரிசல், ரேடியோல ஒரே நேரத்துல ரெண்டு பேரு பேசி சத்தம் மோதினது. அதுல ஒண்ணு, டச்சு விமானத்துலருந்து 'டேக்-ஆஃப்ல இருக்கோம்'ங்கற மாதிரி வந்த ஒரு வாக்கியம். கெளம்பிட்டோம்ங்கறது அவங்க அர்த்தம், கெளம்பத் தயாரா நிக்கறாங்கன்னு டவர் எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் விதியை மாத்தினாங்க, நெசமாவே பறக்க அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் 'டேக்-ஆஃப்'ங்கற வார்த்தையைச் சொல்லணும், மத்த எடத்துல எல்லாம் 'டிபார்ச்சர்'. பாண்டிச்சேரி மேடம் சொன்னாங்களே ரெண்டா புரியுதுன்னு, அது ஞாபகம் வந்து அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கல.

ஈமெயில்ல நாம எழுதற இங்கிலீஷும் இதுல சேத்திதான். "ஐ ஹேவ் எ டவுட்"னு எழுதுவோம், நமக்கு அது 'சார் ஒரு சந்தேகம்', கை தூக்கிக் கேக்கறது. வெளிநாட்டுல இருக்கறவர் படிச்சா, நீ சொன்னதை நான் நம்பலைன்னு ஆயிடும். ஒரு சப்ளையர் ஒருத்தர் இதுக்கு மூணு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினார், பாவம், நான் கேட்டது ஒரு டிராயிங் நம்பர். 'பாஸ்ட் அவுட்'னா நமக்கு டிகிரி முடிச்சது, அவங்களுக்கு மயங்கி விழுந்தது. லட்சம், கோடி அவங்களுக்குத் தெரியாது. இந்த இங்கிலீஷ் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நமக்குள்ள எழுதும்போது அதுதான் நம்ம இங்கிலீஷ், அதுல ஒரு கொறையும் இல்ல. கடல் தாண்டிப் போற கடுதாசில மட்டும் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னு மாத்திக்கறேன்.

நாம அந்தப் பக்கம் உக்காந்து வாங்கறவங்களும்தான. எங்க அம்மா ஃபோனைத் தமிழ்ல வெச்சிருக்காங்க. "1 புதிய செய்திகள்"னு வருது. "முருகன் இன் கணக்கு"ன்னு நடுவுல ஓட்டை விட்டு 'இன்' தனியா தொங்குது. இதை எழுதின இங்கிலீஷ்காரர் பேரை ஒரு துண்டா, மிச்சத்தை ஒரு துண்டா வெச்சு ஒட்டிட்டார், தமிழ்ல வேற்றுமை உருபு பேரோட ஒட்டி 'முருகனின்'னு மாறும்னு அவருக்குத் தெரியாது, மொழிபெயர்த்தவருக்கு அந்தத் துண்டு எங்க போய் ஒட்டும்னு யாரும் காட்டல. 'ஓபன்'னு ஒத்த வார்த்தையை மட்டும் அனுப்புவாங்க. தெறன்னு சொல்ற பட்டனா, தெறந்திருக்குன்னு காட்டற அறிவிப்பா? அம்மா ஒருநாள், "இந்தத் தமிழ் எனக்குப் புரியல கண்ணு, இங்கிலீஷுக்கே மாத்திக் குடு"ன்னாங்க. இங்கிலீஷ் தெரியாத எங்கம்மா. அதைக் கேட்டப்ப அந்த மேற்கு ஆப்பிரிக்கா ஆபரேட்டர்தான் கண்ணு முன்னாடி வந்தார்.

இப்ப மிஷின் மொழிபெயர்ப்பு வந்தாச்சு, அறுபது பக்கமும் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. எங்க ஆபீஸ்லயும் கேட்டாங்க, எதுக்கு ஆளுக்குக் குடுக்கணும்னு. பழைய மேனுவலை, அந்த 'லிட்டில் லீக்கேஜ்' உள்ளதையே, போட்டுப் பாத்தேன். ஃப்ரெஞ்சு சரளமாத்தான் வந்துச்சுன்னு மேடமே சொன்னாங்க. செக் வால்வா, வால்வை செக் பண்ணறதான்னு அதுவே ஒண்ணை முடிவு பண்ணிப் போட்டிருந்துச்சு. ரீப்ளேஸுக்கும் அதுவே முடிவு பண்ணிடுச்சு. நாப்பத்தோரு கேள்வி வந்த எடத்துல ஒரு கேள்விகூட வரல. அதுதான் எனக்குக் கவலை. கேக்கற ஆள் போயிட்டா, எழுதற நானே அந்தக் கேள்வியை எல்லாம் முன்கூட்டியே எனக்குள்ள கேட்டாகணும். மிஷினுக்குப் போனாலும் சரி மனுஷருக்குப் போனாலும் சரி, இப்ப ஒவ்வொரு வரியையும் மேடம் குரல்லதான் திரும்பப் படிக்கறேன்.

கிளாண்ட் வரியை எப்படித் திருத்தினேன்னு சொல்லாம விட்டுட்டேன். 'ஏ' மட்டும் சேத்தா போதும்னு மொதல்ல நெனச்சேன். கொஞ்சம்னா எவ்வளவு, ஒவ்வொருத்தர் கொஞ்சமும் வேற. மறுபடி ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் டெஸ்ட் பெட்ல பம்பை ஓட விட்டு, நட்டை விரலாலயே திருகி, ஒரு பழைய வாட்சைக் கழட்டி பேஸ்பிளேட் மேல வெச்சுட்டு குனிஞ்சு உக்காந்து சொட்டை எண்ணினார். நானும் பக்கத்துல உக்காந்து எண்ணினேன். அம்பத்தி மூணு. கொஞ்சம் இறுக்கினார், முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் விட்டு கிளாண்ட் மேல பொறங்கையை வெச்சுப் பாத்துட்டு, "இது சூடாகுதுங்க தம்பி, முன்ன இருந்ததே நல்லது"ன்னார். அப்படி ஒரு காலைப்பொழுது பூரா எண்ணி, எங்க டிசைன் ஆளுங்ககிட்டயும் கேட்டு, வரியை மாத்தினேன். தண்ணி கிளாண்ட்லருந்து சொட்டணும். நிமிஷத்துக்கு 40 லருந்து 60 சொட்டு. அதுக்குக் கொறஞ்சா நட்டைத் தளர்த்து. இங்கிலீஷ்ல மூணு குட்டி வாக்கியம்.

போன மாசம் புது மாடலுக்கு மேனுவல் அனுப்பினேன். மேடம்கிட்டருந்து ஷீட் வந்துச்சு, ரெண்டே கேள்வி. ஒண்ணு டிராயிங் நம்பர் மாறிப்போனது. இன்னொண்ணு இந்த வரியைப் பத்தித்தான். "இந்த 40 லருந்து 60 சொட்டு, பம்பு ஓடும்போது எண்ணணுமா, நிறுத்தினப்புறமா? ஸ்டேஷன்ல இருக்கறவர் எப்ப எண்ணுவார்னு யோசிச்சேன் சார்."

ஓடும்போதுன்னு பதில் போட்டுட்டு, மேனுவலைத் தெறந்து அந்த வரிக்கு முன்னாடி இன்னொரு குட்டி வாக்கியம் சேத்தேன்.